‘ரிஜிஸ்டர்ட்’ என்று காட்டினால் மட்டும் அழைப்பு வந்துவிடாது

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 25 மேசைத் தொலைபேசிகள் இருக்கின்றன. பழைய எக்ஸ்சேஞ்சை எடுத்துவிட்டு, ஆஸ்டெரிஸ்க் என்ற மென்பொருளில் இயங்கும் ஐபி பிபிஎக்ஸ் (கணினி வலை வழியாக அழைப்புகளைக் கையாளும் அலுவலக எக்ஸ்சேஞ்ச்) வைத்திருக்கிறோம். ஒரு நிறுவனத்திடம் எஸ்ஐபி டிரங்க், அதாவது பிபிஎக்ஸை வெளித் தொலைபேசி வலையோடு இணையம் வழியாகச் சேர்க்கும் இணைப்பு, வாங்கினோம். அது நின்றுபோனால் கைகொடுக்கட்டும் என்று இன்னொரு நிறுவனத்திடமும் ஒன்று வாங்கினோம். இரண்டும் ‘ரிஜிஸ்டர்ட்’ என்று பச்சையில் காட்டுகின்றன. ஆனால் சில அழைப்புகளில் எதிர்முனையில் பேசுவது எங்களுக்குக் கேட்பதில்லை. முதல் நிறுவனம் வழியாக வரும் அழைப்புகளை எடுத்துப் பேசினால் அரை நிமிடத்தில் துண்டிக்கின்றன. போன வாரம் அந்த நிறுவனம் செயலிழந்தபோது, வெளியே அழைத்தவர்கள் அரை நிமிடம் போல ஒன்றும் கேட்காமல் காத்திருந்த பிறகே இரண்டாவது வழியில் மணி அடித்தது. வாடிக்கையாளர்களோ எங்களை அழைக்கவே முடியவில்லை. எந்த அமைப்பை மாற்றுவது? நிறுவனத்தையே மாற்றிவிடலாமா?

பதில்: நிறுவனத்தை இப்போது மாற்றாதீர்கள். நீங்கள் சொல்லும் நான்கு குறைகளில் மூன்றை உங்கள் பக்கத்திலேயே சரிசெய்யலாம். அவற்றை அப்படியே வைத்துக்கொண்டு வேறு நிறுவனத்துக்குப் போனால் அவையும் கூடவே வரும். நான்காவது குறை, அதாவது வெளியிலிருந்து யாரும் உங்களை அழைக்க முடியாமல் போனது, நிறுவனத்திடம் கேட்டுப் பெற வேண்டிய ஒரு வசதி இல்லாததால் வந்தது.

முதலில் அந்தப் பச்சை அடையாளத்தைப் பற்றி. ‘ரிஜிஸ்டர்’ என்பது உங்கள் பிபிஎக்ஸ் நிறுவனத்தின் சர்வரிடம், “என் எண்ணுக்கு அழைப்பு வந்தால் இந்த முகவரிக்கு அனுப்பு” என்று சொல்லி வைப்பது. சர்வர் முதலில் 401 என்று மறுத்துக் கடவுச்சொல் கேட்கும். சரியான பதில் போனதும் 200 என்று ஏற்றுக்கொள்ளும். 401-ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது நடைமுறையில் ஒரு படிதான். ஆக, பச்சை சொல்வது இவ்வளவே: முகவரி ஏற்கப்பட்டது. நீங்கள் வெளியே அழைப்பது பெரும்பாலும் அதைச் சார்ந்ததில்லை. ஒவ்வொரு அழைப்புக்கும் தனியாக அடையாளச் சோதனை நடக்கிறது; ஐபி முகவரியை வைத்தே அடையாளம் காணும் நிறுவனங்களிடம் ரிஜிஸ்டர் என்ற பேச்சே கிடையாது. குரல் எந்த வழியில் போகிறது என்பதையும் பச்சை காட்டாது. வெளியே போவது, உள்ளே வருவது, குரல், மாற்று வழி ஆகிய நான்கையும் தனித்தனியாகச் சோதித்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

உங்கள் கடிதத்தில் ‘அரை நிமிடம்’ இரண்டு இடத்தில் வருகிறது. கடிகாரம் வைத்துப் பாருங்கள், இரண்டும் 32 வினாடியை ஒட்டியே இருக்கும். இது தற்செயல் இல்லை. அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் இரு பக்கமும் செய்தி பரிமாறும் முறைதான் எஸ்ஐபி; அதன் விதிகள் 2002-இல் வந்த ஆர்எஃப்சி 3261 என்ற இணையத் தரநிலை ஆவணத்தில் இருக்கின்றன. யூடிபி என்ற, ஒப்புகை கேட்காத முறையில் அனுப்பிய செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. அதனால் பதில் வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும். எவ்வளவு நேரம்? அடிப்படை இடைவெளி அரை வினாடி. அதைப்போல் 64 மடங்கு ஆனதும் கைவிட வேண்டும். 64-ஐ அரையால் பெருக்கினால் 32. ஆகவே எஸ்ஐபியில் ஏதாவது 32 வினாடியில் முறிந்தால், யாரோ ஒருவர் பதிலுக்காகக் காத்திருந்தார், பதில் அவரிடம் வந்து சேரவில்லை என்று பொருள். என் வேலையில் இந்த ஒரு எண்ணைப் போல உதவும் தடயம் வேறில்லை.

வரும் அழைப்பை எடுத்துப் பார்ப்போம். உங்கள் ஊழியர் ரிசீவரை எடுத்ததும் பிபிஎக்ஸ் ‘200 ஓகே’ அனுப்புகிறது. அதற்கு நிறுவனம் ‘ஏசிகே’ என்ற ஒப்புகையைத் திருப்பி அனுப்ப வேண்டும். எங்கே அனுப்பும்? ‘200 ஓகே’வுக்குள் ‘காண்டாக்ட்’ என்ற வரியில் நீங்கள் எழுதியிருக்கும் முகவரிக்கு. அங்கே உங்கள் பொது முகவரி இல்லாமல், 192.168 என்று தொடங்கும் உள் முகவரி இருந்தால் அந்த ஒப்புகை உங்களிடம் வராது; இணையத்தில் அந்த முகவரிக்கு வழியே இல்லை. உங்கள் பிபிஎக்ஸ் 32 வினாடி முயன்று பார்த்துவிட்டு அழைப்பை அறுத்துவிடுகிறது. உறைமேல் சரியான முகவரி எழுதி, உள்ளே கடிதத்தில் “பதிலை மாடி அறைக்கு அனுப்பவும்” என்று மட்டும் எழுதியது போலத்தான் இது.

குரல் கேட்காததற்கும் காரணம் இதேதான். குரலைச் சுமப்பது எஸ்ஐபி இல்லை, ஆர்டிபி என்ற தனி ஓட்டம். எந்த முகவரிக்கு, எந்த போர்ட்டுக்கு (அந்த முகவரியில் உள்ள வாசல் எண்) குரலை அனுப்ப வேண்டும் என்பதை இரு பக்கமும் எஸ்டிபி என்ற சிறு பகுதியில் எழுதிக்கொள்கின்றன. நீங்கள் அங்கே உள் முகவரியை எழுதினால், நீங்கள் பேசுவது அவர்களுக்குப் போகும், அவர்கள் பேசுவது உங்களுக்கு வராது. “அப்படியானால் எல்லா அழைப்பிலும் அல்லவா வராமல் போக வேண்டும்?” என்று கேட்பீர்கள். சில நிறுவனங்களின் சர்வர்கள் எழுதியிருக்கும் முகவரியைப் பொருட்படுத்துவதில்லை. உங்கள் குரல் பாக்கெட்டுகள் எந்த முகவரியிலிருந்து வருகின்றனவோ அதற்கே பதிலை அனுப்பிவிடும். அந்தச் சர்வர் வழியாகப் போகும் அழைப்புகளில் உங்கள் பிழை தெரியாது, மற்றவற்றில் தெரியும். சில நேரம் கேட்கிறது, சில நேரம் கேட்கவில்லை என்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இதைத் திருத்த பிபிஎக்ஸுக்கு இரண்டு விவரம் சொல்ல வேண்டும்: உங்கள் பொது ஐபி முகவரி என்ன, எந்தெந்த முகவரிகள் உள் வலையைச் சேர்ந்தவை. ஆஸ்டெரிஸ்க்கைத் திரையில் அமைக்க உதவும் ஃப்ரீபிபிஎக்ஸ் வைத்திருந்தால் எஸ்ஐபி செட்டிங்ஸ் பக்கத்தில் ‘எக்ஸ்டர்னல் அட்ரஸ்’, ‘லோக்கல் நெட்வொர்க்ஸ்’ என்ற இரு இடங்கள் இருக்கும். நேரடியாக ஆஸ்டெரிஸ்க் கோப்புகளில் எழுதுபவர் என்றால், ஆஸ்டெரிஸ்க்கில் எஸ்ஐபியைக் கையாளும் பிஜேசிப்பின் டிரான்ஸ்போர்ட் பகுதியில் சிக்னலிங்குக்கு (எஸ்ஐபி செய்திகள்) ஒன்று, மீடியாவுக்கு (குரல்) ஒன்று என வெளி முகவரியை இரண்டு இடத்தில் தர வேண்டும். ஒன்றை மட்டும் தந்துவிட்டு, அழைப்பு துண்டிப்பது நின்றுவிட்டது, குரல் மட்டும் வரவில்லை என்று திகைத்து நிற்பவர்கள் நிறையப் பேர். கூடவே அந்த டிரங்க்கில் ‘டைரக்ட் மீடியா’வை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் மேசைத் தொலைபேசியும் நிறுவனமும் பிபிஎக்ஸைத் தாண்டி நேராகக் குரல் அனுப்ப முயலலாம். உங்கள் பொது முகவரி அடிக்கடி மாறக்கூடியதாக இருந்தால் நீங்கள் எழுதிவைத்தது ஒருநாள் பொய்யாகிவிடும். இணைய இணைப்பு தருபவரிடம் நிலையான ஐபி கேட்டு வாங்குங்கள். ஒரு அலுவலகத்தின் தொலைபேசியே அதன்மேல் நிற்கும்போது அது ஆடம்பரம் இல்லை.

இன்னும் பிஜேசிப்புக்கு முந்தைய ‘சான் சிப்’ முறையில் டிரங்க் எழுதியிருந்தால் அதையும் இந்தச் சாக்கில் மாற்றிவிடுங்கள். ஆஸ்டெரிஸ்க் 21-இலிருந்து அது நீக்கப்பட்டுவிட்டது; அடுத்த மேம்படுத்தலின்போது உங்கள் டிரங்க் மொத்தமும் வேலை செய்யாமல் போகும்.

அடுத்தது ரவுட்டர். அதில் ‘எஸ்ஐபி ஏஎல்ஜி’ என்ற ஒரு வசதி இருந்தால் அணையுங்கள். எஸ்ஐபி செய்திகளுக்குள் புகுந்து முகவரிகளைத் திருத்தித் தருவதற்காக வந்தது அது. ஆனால் பல ரவுட்டர்களில் ஒரு வரியைத் திருத்தும், இன்னொரு வரியை விட்டுவிடும். பிபிஎக்ஸே சரியான முகவரியை எழுதும்போது இடையில் இன்னொருவர் கைவைக்கத் தேவையில்லை. வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் ஃபயர்வாலில் ஆர்டிபி போர்ட்டுகள் திறந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஆஸ்டெரிஸ்க்கின் மாதிரிக் கோப்பில் அவை 10000 முதல் 20000 வரை. குரல் வரும் சர்வரின் முகவரி பல நிறுவனங்களில் எஸ்ஐபி சர்வரின் முகவரியாக இருப்பதில்லை. இரண்டு பட்டியலையும் கேட்டு வாங்குங்கள்.

நீங்கள் எழுதாத, ஆனால் உங்களுக்கு வரக்கூடிய ஒன்று: காலையில் வரும் அழைப்புகள் சற்று ஓய்வுக்குப் பிறகு வராமல் நின்றுவிடும், பச்சை மட்டும் மாறாமல் இருக்கும். ரவுட்டர் உங்களுக்காகத் திறந்து வைத்த யூடிபி வழியைச் சிறிது நேரம் பாக்கெட் எதுவும் போகாவிட்டால் மூடிவிடுகிறது. குறைந்தது 2 நிமிடமாவது திறந்து வைக்க வேண்டும் என்று 2007-இல் வந்த ஆர்எஃப்சி 4787 சொல்கிறது. 30 வினாடியில் மூடும் ரவுட்டர்களும் இருக்கின்றன. ரிஜிஸ்டரோ ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது என்றால், நடுவில் கதவு சாத்தியிருப்பது யாருக்கும் தெரியாது. டிரங்க்கில் ‘குவாலிஃபை’ இடைவெளியை 25 வினாடி போல வையுங்கள். பிபிஎக்ஸ் அந்த இடைவெளியில் ‘ஆப்ஷன்ஸ்’ என்ற சிறு செய்தியை அனுப்பிக்கொண்டே இருக்கும், வழியும் திறந்தே இருக்கும்.

இதே ‘குவாலிஃபை’தான் உங்கள் மாற்று வழிச் சிக்கலுக்கும் மருந்து. முதல் நிறுவனம் செயலிழந்தபோது அது “என்னால் முடியாது” என்று பதில் சொல்லவில்லை, வாயே திறக்கவில்லை. 503 (சேவை இப்போது இல்லை) என்று சொல்லியிருந்தால் உங்கள் பிபிஎக்ஸ் அந்தக் கணமே இரண்டாவது டிரங்க்குக்குப் போயிருக்கும். பதிலே இல்லாததால் 32 வினாடி காத்திருந்தது. ‘குவாலிஃபை’ இயங்கினால், ‘ஆப்ஷன்ஸ்’ செய்திக்குப் பதில் வராதபோதே அந்த டிரங்க் எட்டாத நிலையில் இருப்பதாகக் குறிக்கப்பட்டுவிடும். அதன்பின் வரும் அழைப்புகள் அதில் காத்து நிற்காமல் நேராக இரண்டாவதுக்குப் போகும். வெளியே போகும் அழைப்புகளுக்கான அவுட்பவுண்ட் ரூட்டில் இரண்டு டிரங்க்குகளும் வரிசையாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பதிலுக்கும் அடுத்த டிரங்க்குக்குத் தாவுவதும் தவறு. 486 என்றால் எதிர்முனையில் வேறு அழைப்பில் இருக்கிறார்கள். 404 என்றால் பொதுவாக அப்படி ஓர் எண் இல்லை. இவற்றுக்கு மாற்று வழியில் போய் என்ன பயன்? இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். சில நிறுவனங்கள் கோளாறின்போது பிழைக் குறியீடு அனுப்பாமல் ஒரு பதிவுக் குரலை ஒலிக்க விடுகின்றன. உங்கள் பிபிஎக்ஸ் அதை நல்லபடி நடக்கும் அழைப்பாகவே எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். முன்பணம் தீர்ந்தால் என்ன குறியீடு வரும், சேனல்கள் (ஒரே நேரத்தில் நடக்கக்கூடிய அழைப்புகள்) நிரம்பினால் என்ன குறியீடு வரும் என்று இரு நிறுவனங்களிடமும் எழுத்தில் கேளுங்கள்.

இப்போது உங்களை மிகவும் வருத்தியிருக்கக்கூடிய நான்காவது குறை. இரண்டு டிரங்க் வாங்கினால் வரும் அழைப்புக்கும் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. உங்கள் எண் முதல் நிறுவனத்திடம் இருக்கிறது. உலகத்தில் எங்கிருந்து அந்த எண்ணை அழைத்தாலும் தொலைபேசி வலை அவர்களிடமே கொண்டுபோய்க் கொடுக்கும். இரண்டாவது நிறுவனத்துக்கு அந்த அழைப்பு வந்ததே தெரியாது. நீங்கள் பிபிஎக்ஸில் என்ன எழுதினாலும் இது மாறாது. முதல் நிறுவனத்திடம், “உங்கள் சர்வரிலிருந்து எங்கள் பிபிஎக்ஸை எட்ட முடியாவிட்டால் அழைப்பை இந்த எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள்” என்று ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த எண் இரண்டாவது நிறுவனம் தந்த எண்ணாக இருக்கலாம், ஒரு கைபேசியாகவும் இருக்கலாம். இரண்டாவது நிறுவனத்தின் எண் என்றால் அதற்கும் பிபிஎக்ஸில் இன்பவுண்ட் ரூட் (உள்ளே வரும் அழைப்பு எங்கே போக வேண்டும் என்ற விதி) எழுத வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இரண்டு டிரங்க்குகளும் ஒரே இணைய இணைப்பில் போகின்றனவா என்று நீங்கள் எழுதவில்லை. ஒரே இணைப்பு என்றால் அது அறும்போது இரண்டும் சேர்ந்தே போகும். அப்போது உங்களைக் காப்பாற்றுவது நிறுவனத்தின் பக்கத்தில் செய்து வைத்த அந்தக் கைபேசித் திருப்பல் மட்டும்தான். என்னைக் கேட்டால் இரண்டாவது டிரங்க்குக்கு முன்பாக இரண்டாவது இணைய இணைப்பு வாங்குவதே நல்லது. முதல் நிறுவனம் மொத்தமாகவே படுத்துவிட்டால் இந்தத் திருப்பலும் வேலை செய்யாமல் போகலாம். அவர்களின் திருப்பும் ஏற்பாடு டிரங்க் சர்வரிலிருந்து தனித்து இயங்குகிறதா என்று கேளுங்கள். தெளிவான பதில் தராத நிறுவனத்திடம் உங்கள் முக்கிய எண்ணை வைத்திருக்க வேண்டாம். அப்போது எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்வதைப் பற்றி யோசிக்கலாம்.

வரும் அழைப்பில் இன்னொரு தடுமாற்றம் உண்டு. நீங்கள் ரிஜிஸ்டர் செய்தது ஒரு முகவரியில் இருக்க, நிறுவனம் வேறொரு முகவரியிலிருந்து அழைப்பை அனுப்பும். பிபிஎக்ஸ் அதை யார் என்று தெரியாமல் மறுத்துவிடும். உடனே சிலர் ‘அனானிமஸ்’ அழைப்புகளை அனுமதித்துவிடச் சொல்வார்கள். அழைப்பும் வரத் தொடங்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது ஊருக்கே கதவைத் திறந்து வைப்பது. நிறுவனம் அழைப்பு அனுப்பக்கூடிய எல்லா முகவரிகளையும் அந்த டிரங்க்கின் அடையாளப் பட்டியலில் சேர்ப்பதுதான் சரியான வழி.

பாதுகாப்பை நான் கண்டிப்புடன் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எஸ்ஐபி வழக்கமாகப் பயன்படுத்தும் 5060 போர்ட் திறந்து கிடக்கிறதா என்று தேடும் நிரல்கள் இணையத்தில் இரவு பகல் ஓயாமல் சுற்றுகின்றன. ஒரு எக்ஸ்டென்ஷனின் (உள் இணைப்பு) கடவுச்சொல் 1001 என்று அதன் எண்ணாகவே இருந்தால் அதைப் பிடித்து, அலுவலகம் மூடியிருக்கும் வார இறுதியில் கட்டணம் அதிகமான வெளிநாட்டு எண்களுக்கு வரிசையாக அழைப்பார்கள். கட்டணத்தில் பங்கு அழைத்தவர்களுக்குப் போகும், பில் உங்களுக்கு வரும். 5060-ஐ உங்கள் இரு நிறுவனங்களின் முகவரிகளுக்கு மட்டும் திறங்கள். வெளிநாட்டு அழைப்பு தேவையில்லையென்றால் பிபிஎக்ஸில் மட்டுமில்லாமல் நிறுவனத்தின் பக்கத்திலும் அடைத்துவிடச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் செலவாகலாம் என்ற வரம்பும் போட்டு வையுங்கள். எப்போதாவது மட்டும் பயன்படும் இரண்டாவது டிரங்க்கில் இவற்றைச் செய்ய மறந்துபோவதுதான் வழக்கம்.

எண் எழுதும் முறையில் நிறுவனங்கள் ஒத்துப்போவதில்லை. ஒருவர் கூட்டல் குறியோடு நாட்டுக் குறியீடு கேட்பார், இன்னொருவர் கூட்டல் குறி இருந்தால் மறுப்பார். ஈ.164 என்ற பன்னாட்டு முறையில் ஓர் எண் அதிகபட்சம் 15 இலக்கம். பிபிஎக்ஸுக்குள் எல்லா எண்களையும் அந்த முழு வடிவத்திலேயே வைத்திருங்கள். நிறுவனத்துக்கு ஏற்ற மாற்றத்தை அந்தந்த டிரங்க்கில் மட்டும் செய்யுங்கள். ரூட்டிலேயே வெட்டி ஒட்டினால் மாற்று வழியில் போகும்போது எண் குலைந்துவிடும். முதல் டிரங்க் நன்றாக இருக்கும்வரை அது யார் கண்ணுக்கும் படாது. அழைப்பவர் எண்ணிலும் கவனம் வேண்டும். முதல் நிறுவனத்தின் எண்ணைக் காட்டி இரண்டாவது வழியாக அழைத்தால் சிலர் அழைப்பையே மறுப்பார்கள், சிலர் எண்ணை மாற்றிக் காட்டுவார்கள். அந்த எண் உங்களுடையதுதான் என்று முன்கூட்டியே அவர்களிடம் நிரூபித்து அனுமதி வாங்கி வையுங்கள். அவசர உதவி எண்ணுக்கான அழைப்பு எந்த டிரங்க்கில் போகும், அப்போது எந்த முகவரி அவர்களுக்குத் தெரியும் என்பதையும் இரு நிறுவனங்களிடமும் கேளுங்கள். அதை நீங்களாக அழைத்துப் பார்க்காமல், நிறுவனம் சொல்லும் முறையில் சோதியுங்கள்.

குரலை எண்களாக மாற்றும் முறையான கோடெக் பற்றி நீங்கள் கேட்கவில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். ஜி.711 போதும். குரல் வினாடிக்கு 64 கிலோபிட், பாக்கெட் தலைப்புகளோடு ஒரு திசைக்கு ஏறத்தாழ 80 கிலோபிட் ஆகும். ஒரே நேரத்தில் 10 பேர் பேசினால் போகவும் வரவும் தலா ஒரு மெகாபிட் ஒதுக்குங்கள். முக்கியமாக அப்லோட் பக்கத்தில். “ஒன்றை அழுத்தவும்” என்னும்போது எண் போய்ச் சேரவில்லை என்றால் டிடிஎம்எஃப் (பொத்தான் ஒலி) அனுப்பும் முறையை ஆர்எஃப்சி 4733-க்கு மாற்றுங்கள். பழைய திரைகளில் அது 2833 என்றே இருக்கும்.

திருத்தங்களைச் செய்த பிறகு பிபிஎக்ஸில் எஸ்ஐபி செய்திகளைக் காட்டும் ‘எஸ்என்கிரெப்’ நிரலை ஓடவிட்டு, வெளியிலிருந்து ஓர் அழைப்பு வரச் சொல்லுங்கள். உங்கள் ‘200 ஓகே’வைத் திறந்து ‘காண்டாக்ட்’ வரியையும், எஸ்டிபியில் ‘சி’ என்று தொடங்கும் வரியையும் பாருங்கள். இரண்டிலும் பொது முகவரி இருக்க வேண்டும், அடுத்த வரியில் ‘ஏசிகே’ வந்திருக்க வேண்டும். இரண்டு நிமிடம் பேசுங்கள், இரு பக்கமும் கேட்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். பிறகு ஓர் அழைப்பை அரை மணி நேரத்துக்கு மேல் விட்டுப் பாருங்கள். 15 அல்லது 30 நிமிடத்தில் துண்டித்தால் அது வேறு கதை. 1800 வினாடிக் கணக்கில் அழைப்பைப் புதுப்பிக்கும் செஷன் டைமரைப் பார்க்க வேண்டும்.

மாற்று வழியைச் சோதிக்க டிரங்க்கின் கடவுச்சொல்லைத் தப்பாக எழுதிப் பார்ப்பார்கள். அது மறுப்பைச் சோதிக்கும், பதிலே வராத நிலையைச் சோதிக்காது. அலுவலகம் ஓய்ந்த நேரத்தில் ஃபயர்வாலில் முதல் நிறுவனத்தின் முகவரிகளை ‘டிராப்’ (பதில் சொல்லாமல் விடுவது) செய்யுங்கள், ‘ரிஜெக்ட்’ (மறுப்புச் சொல்வது) வேண்டாம். ஒரு நிமிடம் கழித்து வெளியே அழையுங்கள்: மணி உடனே அடிக்க வேண்டும். ஒரு கைபேசியிலிருந்து உங்கள் எண்ணை அழையுங்கள்: திருப்பிவிட்ட இடத்தில் ஒலிக்க வேண்டும். பின் தடையை நீக்கி, முதல் டிரங்க் தானாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். இவ்வளவும் சரியாக இருந்தும் குறை தொடர்ந்தால், அந்த ஓர் அழைப்பின் பதிவை நேரத்தோடு சேமித்து நிறுவனத்துக்கு அனுப்புங்கள். அவர்கள் பக்கத்துப் பதிவையும் எடுத்து ஒப்பிட்டுப் பதில் சொல்கிறவர்களா என்று பாருங்கள். நிறுவனத்தை மாற்றுவதா வேண்டாமா என்ற உங்கள் கடைசிக் கேள்வியை அதன்பிறகு முடிவுசெய்யுங்கள்.